இரண்டாம் பாகத்தை விற்கப் போனேன்

இன்று ஆலங்குடியிலிருந்து பஸ் ஏறி, புதுக்கோட்டையில் பழைய கேம் டிஸ்க் வாங்கும் கடைக்குப் போனேன். நான் மாதக்கணக்காக இந்த வலைப்பூவில் புலம்பிக்கொண்டிருக்கும் அந்தக் கடினமான கேமின் இரண்டாம் பாகத்தை விற்றுவிடலாம் என்றுதான்.

முதல் பாகத்தில் ஐம்பது தடவை செத்தாலும் தப்பு என்னுடையது என்று தெரியும். இரண்டாவதில் நாலு பேர் சேர்ந்து வந்து அடிக்கிறார்கள். சாகச் சாக நம் உயிரின் அளவும் குறைகிறது. வேலை முடிந்து வந்து அதையும் தாங்கத் தெம்பில்லை.

கடைக்காரர் அட்டையைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினார். "எல்லாரும் இதைத்தாங்க கொண்டாந்து தர்றாங்க. கேட்டு ஒருத்தரும் வரலை."

அதே கடையில் போன் கண்ணாடி மாற்றக் காத்திருந்த ஒரு நர்ஸ், யூனிஃபார்மில் இருந்தவர், திரும்பினார்.

"நான் அதை ரெண்டு தடவை முடிச்சிருக்கேங்க."

"எப்படிங்க பொறுத்துக்கிட்டீங்க?"

"அதுல ஒரே ஆளைப் பத்துப் பதினஞ்சு தடவை கொன்னா, அப்புறம் அவன் வரவே மாட்டான். கவனிச்சீங்களா?"

"அதைத்தானே எல்லாரும் குறை சொல்றாங்க, கேமே விட்டுக்கொடுக்குதுன்னு."

"சொல்லட்டும். எங்க வார்டுல ஒருத்தரை வீட்டுக்கு அனுப்பினா, கட்டில் சூடு ஆறுறதுக்குள்ள அடுத்தவரு வந்துருவாரு. எங்கிட்டாவது ஒரு எடத்துல வேலை முடிஞ்சுச்சுன்னு இருக்கட்டுமேங்க."

அவர் சிரிக்கவில்லை. டிஸ்கை விற்காமல் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

இப்போதும் அது சுமாரான கேம்தான் என்பேன். கீழே கமெண்டில் வந்து திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் விளையாடப் போகிறேன் என்பதை மட்டும் கண்டுகொள்ளாதீர்கள்.