இடப்பக்கம் போன பந்துகள்

பயிற்சியாளராகச் சேர்ந்த முதல் நாளே அது என் கண்ணில் பட்டது. டிஃபென்ஸில் ஆடும் பெண் பின்னாலிருந்து பந்தைத் தள்ளினாள். அழகான தள்ளல். தரையை ஒட்டி, துளியும் துள்ளாமல் போனது பந்து. போய்ச் சேர்ந்த இடத்தில்தான் யாரும் இல்லை. அணிக்குப் புதிதாக வந்து நடுவில் ஆடும் பெண் ஓர் எட்டு தள்ளி நின்றுகொண்டு ஹாக்கிக் கட்டையைத் திருப்பத் திணறிக்கொண்டிருந்தாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "பந்து வர்றது தெரியலையா? தூங்குறியா?" என்று கோட்டுக்கு வெளியே நின்று கத்தினேன். பந்து சரியாகத்தான் போகிறது, ஆள்தான் சரியில்லை என்று எனக்கு அப்போது சந்தேகமே இல்லை.

பீன்யா தொழிற்பேட்டையில் இருக்கும் ஒரு தொழிற்சாலையின் பெண்கள் ஹாக்கி அணி அது. காலையில் பயிற்சி, மதியத்துக்கு மேல் பேக்கிங் பிரிவில் பேருக்கு வேலை. சம்பளம் ஆட்டத்துக்குத்தான். பாதிப் பேர் வீட்டில் அந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. ஒரு காலத்தில் நகர லீகில் எல்லோரும் பயந்த அணி, இரண்டு சீசனாக அடிமட்டத்தில் கிடந்தது. என்னை வேலைக்கு எடுத்த அதிகாரி ஏசி அறையில் உட்கார்ந்து சிரித்தபடியே சொன்னார்: "மேடம், இந்த வருஷம் மொத நாலுக்குள்ள வந்து செமி ஃபைனல் ஆடணும். இல்லன்னா டீமை க்ளோஸ் பண்ணிடுவோம். பொண்ணுங்க கான்ட்ராக்ட்டும் அத்தோட முடிஞ்சுது. கிரிக்கெட்னா வேற விஷயம்." அந்தக் கடைசி வாக்கியத்துக்கு என் வாயில் நாலு பதில் தயாராக இருந்தது. எனக்கும் வேலை வேண்டியிருந்ததால் விழுங்கிவிட்டேன்.

அணி ஏன் சரிந்தது என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. அதன் கேப்டன் டெங்கு காய்ச்சலில் போய்விட்டாள். நல்ல உடம்பு, நல்ல வயசு. ஒரு வாரம் காய்ச்சல், அவ்வளவுதான். அவள் என் சிநேகிதி. ஜோகுபாளையத்தில் ஒரே சந்து, எதிரெதிர் வீடு. முட்டி போய் நான் ஆட்டத்தை விட்ட பிறகும் அவள் ஆடினாள். அவள் இடம் சென்டர் ஹாஃப், மைதானத்தின் நட்டநடு. பின்னாலிருந்து வரும் எல்லாப் பந்தும் அவளிடம் வந்துதான் முன்னால் போகும். பந்து வேண்டுமென்றால் வாய் திறந்து கேட்கமாட்டாள். கட்டையால் தரையில் இரண்டு தட்டு தட்டுவாள். அவ்வளவு சத்தத்திலும் அந்த இரண்டு தட்டு எல்லோருக்கும் கேட்கும்.

அவள் செத்த பிறகு இந்தப் பெண்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டத்துக்கு முன் எல்லோரும் தோளில் கை போட்டு வட்டமாக நிற்பார்கள். கோல்கீப்பருக்கும் டிஃபென்ஸ் பெண்ணுக்கும் நடுவில் மட்டும் ஓர் ஆள் நிற்கும் இடம் காலியாக இருக்கும். முதல் தடவை பார்த்தபோதே அது யாருக்கு என்று எனக்குப் புரிந்தது. நானும் அந்தக் காலி இடத்துக்கு எதிரில் போய் நின்றுகொண்டேன்.

வழக்கமாகப் பயிற்சியாளர்கள் செய்வதையெல்லாம் செய்தேன். ஓடவிட்டேன், வியர்வை பிழிந்தேன், பெனால்டி கார்னர் அடிக்கும் முறையை மாற்றினேன், சோம்பேறியாக நின்ற இரண்டு பேரைப் பெஞ்சில் உட்காரவைத்தேன். வியாழக்கிழமை விவேக் நகர் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். முதல் மூன்று ஆட்டமும் தோற்றோம். ஒவ்வொரு தடவையும் நடுவில்தான் பந்து பறிபோனது. ஒவ்வொரு தடவையும் திட்டு வாங்கியது கோவில்பட்டியிலிருந்து வந்த அந்தப் புதுப்பெண். பதிலே பேசமாட்டாள். தலையைக் குனிந்து கட்டையின் முனையைத் துடைத்துக்கொண்டிருப்பாள். அது எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பும்.

பிறகு ஒரு பயிற்சி ஆட்டத்தில் அவள் கணுக்கால் பிசகியது. பனிக்கட்டிப் பையைக் கொடுத்து உட்காரவைத்தேன். ஓர் ஆள் குறைந்ததால் நானே அவள் கட்டையை எடுத்துக்கொண்டு நடுவில் இறங்கினேன். என் முட்டி வேண்டாம் வேண்டாம் என்றது, நான் கேட்கவில்லை.

அன்றைக்கு நடந்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. வந்த பந்தெல்லாம் என் கட்டையில் வந்து ஒட்டியது. தேடவே வேண்டியிருக்கவில்லை. கையை நீட்டிய இடத்தில் பந்து இருந்தது. பெண்களின் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கே வயது குறைந்த மாதிரி இருந்தது. நான் என்னை மறந்து கட்டையால் தரையில் இரண்டு தட்டு தட்டினேன். டிஃபென்ஸ் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பந்தைத் தள்ளிவிட்டுக் கூப்பிட்டாள்: "கேப்டன்க்கா, இந்தா!"

எல்லோரும் நின்றுவிட்டார்கள். பந்து என் கட்டையில் இருந்தது. கூப்பிட்டவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். செயற்கைப் புல் டர்ஃபுக்கு அப்போதுதான் தண்ணீர் அடித்திருந்தார்கள். ஈரத்தில் பந்து ஓடினால் கோடு விழும், கொஞ்ச நேரம் அழியாது. நான் குனிந்து பார்த்தேன். பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் வந்த கோடுகளெல்லாம் என் இடப்பக்கத்தில் வந்து முடிந்திருந்தன. வலப்பக்கத்தில் ஒரு கோடுகூட இல்லை.

ஹாக்கிக் கட்டைக்கு ஒரு முகம்தான் தட்டை, அந்த முகத்தால்தான் பந்தை அடிக்க முடியும். வலப்பக்கம் வரும் பந்தை அப்படியே வாங்கிக்கொள்ளலாம். இடப்பக்கம் வந்தால் கட்டையைத் தலைகீழாகத் திருப்பி வாங்க வேண்டும். அது கஷ்டம். உலகத்தில் யாரும் தன் ஆளுக்கு வேண்டுமென்றே இடப்பக்கம் கொடுப்பதில்லை. ஆனால் என் சிநேகிதிக்கு அப்படித்தான் கொடுக்க வேண்டும். காரணம் எங்கள் சரிவான சந்து. அதில் ஒரு பக்கம் திறந்த சாக்கடை ஓடியது. இறக்கத்தில் அடிக்கும் பக்கத்தைப் பெரிய பையன்கள் ஒருநாளும் விட்டுத் தரமாட்டார்கள். நாங்கள் பெண்கள் எப்போதும் மேட்டைப் பார்த்துத்தான் ஆடுவோம். அப்படி ஆடினால் சாக்கடை எப்போதும் வலக்கைப் பக்கம். பந்து விழுந்தால் விட்டவள்தான் கையை விட்டு எடுக்க வேண்டும், அப்புறம் வீட்டுக்குள் விடமாட்டார்கள். அதனால் நாங்கள் பந்தை இடப்பக்கமே வாங்கிப் பழகினோம். நான் பிற்பாடு மாற்றிக்கொண்டேன், அல்லது மாற்றிக்கொண்டதாக நினைத்தேன். அவள் மாறவில்லை. அவளோடு ஆடிய அத்தனை பேரும் மாறினார்கள்.

ஆக, அவள் போய் இரண்டு வருஷமாகியும் இந்தப் பெண்கள் அவளுக்குத்தான் பந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் தெரியாது. நானும் பார்த்துப் பார்த்து, சரியான பந்து என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் அங்கே இருப்பதாக என் கண்ணும் நம்பியிருக்கிறது. முதல் முறையாக எனக்கு அந்த மைதானத்தில் பயமாக இருந்தது.

போய்ப் புதுப்பெண் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் பனிக்கட்டிப் பையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கு யாரும் பந்து தரலக்கா. எல்லாரும் அந்த அக்காவுக்குத்தான் குடுக்காங்க. நான் குறுக்கால நிக்கேன், அவ்வளவுதான்."

"இத ஏன்டி இத்தன நாளா சொல்லல?"

"எப்படிக்கா சொல்ல? அவங்களுக்குக் குடுக்காதீங்கன்னா சொல்ல முடியும்?"

பனிக்கட்டிப் பையை வாங்கி அவள் கணுக்காலில் நானே வைத்துப் பிடித்தேன்.

மறுநாள் எல்லோரையும் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னேன். வலப்பக்கம் கொடுங்கள், அவ்வளவுதான், சின்ன விஷயம் என்றேன். சின்ன விஷயமா? டிஃபென்ஸ் பெண் கேப்டனோடு தொழிற்சாலை விடுதியில் ஒரே அறையில் தங்கியிருந்தவள். காய்ச்சலில் கடைசிக் கஞ்சியை ஊட்டியதும் அவள்தான். அழுதுகொண்டே எழுந்தாள்.

"எனக்கும் தெரியுதுக்கா, புத்திக்குத் தெரியுது. ஆனா அந்தப் பக்கம் போட்டா, கேப்டன்க்கா இல்லன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும். என் கை போக மாட்டேங்குது."

"டீம் போச்சுன்னா நீ எங்க போவே? உங்கம்மாவுக்கு என்ன அனுப்புவே?" என்று கேட்டேன். கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன். அவளைத் திட்டினால்தான் நான் அழாமல் இருக்க முடியும் என்ற நிலைமை. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

சொல்லித் திருத்தக்கூடிய கைகள் இல்லை அவை. நான்கு நாள் சொன்னேன், மறந்த நொடியில் பந்து இடப்பக்கமே போனது. கடைசியில் எனக்கு எங்கள் சந்துதான் வழி காட்டியது. அவளை அப்படி ஆக்கியது ஒரு சாக்கடை என்றால், இவர்களை மாற்றவும் ஒரு சாக்கடை போதும். தொழிற்சாலையிலிருந்து காலி டிரம்களைக் கேட்டு வாங்கி, புதுப்பெண் நிற்கும் இடத்துக்கு இடப்பக்கமாக வரிசையாகக் கிடத்தினேன். அவள் நகர்ந்தால் டிரம்மையும் உருட்டிக்கொண்டு போக இரண்டு பேர். இடப்பக்கம் தள்ளிய பந்து டிரம்மில் மோதி டமாலென்று சத்தம் போடும். தள்ளியவள் ஓடிப்போய் எடுத்து வர வேண்டும்.

பக்கத்துக் கட்டிடத்தில் வேலை செய்கிறவர்கள் காபி டம்ளரோடு வேடிக்கை பார்த்தார்கள். "ஏனு மேடம், ஹாக்கியா, தண்ணி லாரியா?" என்று ஒருவர் கன்னடம் கலந்து கேட்டார். சிரித்துவைத்தேன். எனக்குள் சிரிப்பு இல்லை. ஒவ்வொரு டமாலும் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது. தட்டுகிறவளுக்கு நான் திறக்காமல் உட்கார்ந்திருக்கிற மாதிரியும் இருந்தது. வாரங்கள் போகப்போகச் சத்தம் குறைந்தது. ஒரு காலையில் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பெண்கள் கைதட்டினார்கள். நான் தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு டேங்குக்குப் பின்னால் போய் நின்றேன்.

பிறகு ஜெயிக்க ஆரம்பித்தோம். புதுப்பெண் அபாரமாக ஆடினாள். அவளை அவ்வளவு திட்டியதற்கு ஒரு நாள் என் பங்கு ஆம்லெட்டை அவள் தட்டில் வைத்தேன். எங்களுக்குள் மன்னிப்பு அந்த மட்டில் முடிந்தது. கடைசி லீக் ஆட்டம் வந்தபோது நாங்கள் ஐந்தாவது இடத்தில் இருந்தோம். ஜெயித்தால் நான்காவது, செமி ஃபைனல், எல்லோருக்கும் வேலை. டிரா ஆனால்கூட அந்த அதிகாரி சிரித்துக்கொண்டே சாரி சொல்லிவிடுவார்.

ஆட்டம் முடியப்போகும் சமயம், அணிக்கு ஒரு கோல். பந்து டிஃபென்ஸ் பெண்ணிடம் வந்தது. எதிரணி ஆட்கள் இரண்டு பேர் அவள்மேல் பாய்ந்து வருகிறார்கள். யோசிக்க நேரமில்லை. யோசிக்க நேரமில்லாதபோதுதான் பழைய கை வெளியே வரும். அவள் கண் இடப்பக்கம் போனதைப் பார்த்தேன். அந்தக் கணத்தில் என் காதில் இரண்டு தட்டு கேட்டது. சத்தியமாகக் கேட்டது. பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன். எனக்கு அணியும் வேண்டாம், வேலையும் வேண்டாம், அவளுக்கே கொடு என்று கத்த வாயைத் திறந்துவிட்டேன்.

டிஃபென்ஸ் பெண் மணிக்கட்டைத் திருப்பி வலப்பக்கம் தள்ளினாள். புதுப்பெண் ஓடிய வேகம் குறையாமல் வாங்கி, திரும்பி, முன்னால் அனுப்பினாள். பெனால்டி கார்னர் கிடைத்தது. கோல். அப்புறம் விசில்.

எல்லோரும் என்மேல் வந்து விழுந்தார்கள். அழுதார்கள், குதித்தார்கள், ஒருத்தி என் செருப்பைத் தூக்கி எறிந்தாள். பிறகு தோளில் கை போட்டு வட்டமாக நின்றார்கள். நான் கோல்கீப்பர் பக்கம் பார்த்தேன். அவள் கை டிஃபென்ஸ் பெண்ணின் தோளில் நேராகக் கிடந்தது. நடுவில் காலி இடம் இல்லை. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. சந்தோஷத்தில் நெருங்கி நின்றுவிட்டார்கள். எனக்கு மட்டும்தான் அது தெரிந்தது. ஜோகுபாளையத்தில் அவளைத் தூக்கிக்கொண்டு போன அன்று நானும் தெருமுனை வரைக்கும் கூடவே நடந்து போனேன், அன்றைக்குக்கூட இப்படி வலிக்கவில்லை.

பிரியாணி சாப்பிடப் போகலாம் என்று எல்லோரும் வேனில் ஏறினார்கள். சாமானைக் கட்டிவிட்டு ஆட்டோவில் வருகிறேன் என்று அனுப்பிவைத்தேன். மதிய வெயில். டர்ஃப் பாதி ஈரமாக இருந்தது. ஒரு பந்தை எடுத்துக்கொண்டு டிஃபென்ஸ் இடத்தில் போய் நின்றேன். நடுவில் அவள் நிற்கும் இடத்தைப் பார்த்து, அவளுக்குப் பிடித்த வேகத்தில், இடப்பக்கமாகத் தள்ளினேன். ஈரத்தில் கோடு போட்டுக்கொண்டு பந்து போனது. இரண்டு தட்டு கேட்கிறதா என்று மூச்சை அடக்கி நின்றேன்.

பந்து அவள் இடத்தைத் தாண்டிப் போனது. கோட்டையும் தாண்டி, வேலியில் முட்டி நின்றது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நானே போய் எடுத்து வந்தேன்.