வெண்டைக்காய்ப் பூவும் மூன்று வரித் தையலும்

மார்கழி வந்தால் என் கணவருக்கு வெண்டைக்காய்க் குழம்பு அலுத்துப்போகும். அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் அதுதான். குழம்பில் விழுவதும் நுனிகள் மட்டுமே. காம்புப் பக்கத்துத் தடித்த துண்டுகளை நான் பொங்கல் வாழ்த்துக்கு எடுத்துக்கொள்வேன். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி மையில் தொட்டு அட்டையில் வைத்தால் ஐந்து இதழ்ப் பூ விழும். அவசரப்பட்டால் கொழகொழப்பு மையோடு இழுத்துக்கொண்டு வந்து பூவுக்குச் சளி பிடித்த மாதிரி ஆகிவிடும். துண்டுகளைப் பழைய துணியில் கவிழ்த்து வைத்து, கொழகொழப்பு வற்றின பிறகுதான் கையில் எடுக்க வேண்டும். என் குணத்துக்கு அந்தக் காத்திருப்புதான் பெரிய வேலை.

எழுபதுகளின் தொடக்கம் அது. திருப்பூரில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். வரிசையாக வீடுகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். கணவர் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். எனக்குச் சேவூர்ப் பக்கம், விவசாயக் குடும்பம். பள்ளிக்கூடத்துக் கைவேலை வகுப்பில் பிடித்த அச்சுப் பைத்தியம், கல்யாணமாகி வந்த பிறகும் விடவில்லை. பொங்கல் நெருங்கினால் கடைகளில் கயிறு கட்டி வாழ்த்து அட்டைகளைத் தொங்கவிடுவார்கள். ஒரே பானை, ஒரே கரும்பு, ஒரே சிரிப்போடு ஒரு ஜோடி. ஆயிரம் பேருக்கு ஒரே வாழ்த்தை அனுப்புவதற்குப் பேசாமல் இருந்துவிடலாம் என்று லைன் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவேன். கொஞ்சம் திமிர்தான், இல்லையென்று சொல்லவில்லை.

பனியன் கம்பெனி வீட்டுக்காரியாக இருந்ததில் எனக்கு ஒரு சௌகரியம் இருந்தது. நசுங்கின பனியன் பெட்டிகளின் அட்டையை முதலாளி எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடுவார். ஒரு பக்கம் பால் வெள்ளை, மறுபக்கம் சாம்பல் நிறம். சாம்பல் பக்கத்துக்கு வெள்ளைத் தாள் ஒட்டிக்கொள்வேன். பனியனில் சைஸ் முத்திரை குத்தும் ஊதா மையும் கொஞ்சம் வரும். தகர டப்பா மூடியில் பனியன் துண்டை நாலாக மடித்துப் போட்டு, அதில் மையை ஊற்றினால் ஸ்டாம்ப் பேட் தயார். மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்தால் சிவப்பு. துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்தால் வானம். சூரியனுக்குப் பீர்க்கங்காயை வெட்டுவேன். சுற்றிலும் வரிவரியாகக் கதிர் அதிலேயே இருக்கும். சர்க்கரைவள்ளிக் கிழங்கில் பானை செதுக்கி அச்சடித்து, பானையின் வாயில் பனியன் துணியின் பஞ்சுப் பிசிரை மைதாப் பசையால் ஒட்டினால் பொங்கி வழிகிற நுரை. ஓரத்தில் வேப்பிலையை வைத்து, பழைய பல் பிரஷ்ஷை மையில் நனைத்துச் சீப்பில் தேய்த்தால் சாரலடிக்கும். இலையை எடுத்ததும் வெள்ளை இலை நிற்கும். இதையெல்லாம் இவ்வளவு விவரமாகச் சொல்லக் காரணம் உண்டு. அந்த வருஷம் இவ்வளவையும் பார்த்த ஒருவர் இதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த ஒருவர் என் நாத்தனார். எங்கள் பக்கத்தில் நங்கை என்று கூப்பிடுவோம். சாமளாபுரத்தில் தறிக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவர். என் கணவருக்குச் சின்ன வயதிலேயே அம்மா போய்விட, சோறு ஊட்டி, தலை வாரி, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போய் வளர்த்தது இந்த அக்காதான். அப்படிப்பட்ட அக்காவும் தம்பியும் எங்கள் கல்யாணத்தன்று பேச்சை நிறுத்தியவர்கள்.

எங்கள் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்துகொள்ள வேண்டிய சீர். அது இல்லாமல் கல்யாணம் நகராது. அன்று நங்கையின் கைக்குழந்தைக்கு விடிய விடியக் காய்ச்சல். பஸ்ஸும் தாமதம். முகூர்த்தம் போகிறது என்று பெரியவர்கள் துடித்தார்கள். பெரியப்பா மகள் ஒருத்தியைப் பிடித்து உட்கார வைத்துச் சீரை முடித்துவிட்டார்கள். முடிந்து எழுந்திருக்கும்போது, இடுப்பில் குழந்தையும் கையில் சீர்க் கூடையுமாக நங்கை பந்தலுக்குள் வந்து நின்றார். கூடையை மணைக்குப் பக்கத்தில் வைத்தார். தம்பியை ஒரு பார்வை பார்த்தார். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனார்.

இவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "அக்கா வரட்டும்" என்றால் யார் மறுத்திருப்பார்கள்? மாப்பிள்ளை ஆயிற்றே. மணையில் மண் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். அவர் சுபாவமே அப்படி. துணியிடம் பேசுவதில் பாதிகூட மனிதர்களிடம் பேசமாட்டார். நங்கையின் இடத்தில் நான் இருந்திருந்தால் கூடையைத் தலையில் கவிழ்த்துவிட்டுப் போயிருப்பேன்.

அந்த மார்கழியில் ஒரு சேதி வந்தது. அன்று காய்ச்சலோடு வந்த அந்தக் குழந்தைக்குத் தை மாதத்தில் காதுகுத்து. தாய்மாமன் மடிக்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருவனை உட்கார வைக்கப் போகிறார்கள். முதலில் நூல் ஏற்றி வந்த வண்டிக்காரர் சொன்னார். பிறகு காய்காரம்மா சொன்னாள். பிறகு கம்பெனியில் மடிக்கிற வேலைக்கு வரும் ஒரு பெண் சொன்னாள். கூடப்பிறந்த தாய்மாமன் குத்துக்கல் மாதிரி இருக்கும்போது வேறொருவன் மடியில் பிள்ளைக்குக் காது குத்துவது என்றால், எங்கள் ஊரில் அதற்குமேல் ஓர் அவமானம் கிடையாது. அதைவிட, இவருக்கு அந்தக் குழந்தைமேல் ஆசை. பஸ் நிலையத்தில் அந்த வயதுப் பெண் குழந்தையைப் பார்த்தால் நின்றுவிடுவார். சேதி வந்த நாளிலிருந்து தட்டில் சோறு மிஞ்சியது. ஒரு தடவை காது குத்தியாகிவிட்டால் மறுபடி குத்த முடியாது. மடி போனால் போனதுதான்.

"போயி ஒரு வார்த்த பேசீட்டு வாங்களேன்" என்றேன்.

"என்னன்னு பேசறது?" என்றார். அதோடு முடிந்தது.

சரி, நாமாவது ஒரு வாழ்த்து அனுப்பிவைப்போம் என்று நினைத்தேன். அந்த வருஷம் செய்ததெல்லாம் அந்த ஒரு வாழ்த்துக்காகத்தான். நன்றாக வரட்டும், வந்ததில் சிறந்ததை எடுத்து அனுப்பலாம் என்று ஒரு கட்டே செய்துவிட்டேன். ஒவ்வோர் அட்டையையும் பாதியாக மடித்து, மேலே பானை, சூரியன், பூ எல்லாம் அச்சடித்து உலர வைத்தாயிற்று. திறக்கிற பக்கத்து ஓரங்கள் மட்டும் ஒன்றுக்கொன்று கூடக் குறைய இருந்தன. இவரும் ஏதாவது கை வைக்கட்டும் என்று, கட்டை அவரிடம் கொடுத்து, "இந்த ஓரத்த மட்டும் சீவிக் குடுங்க" என்று சொல்லிவிட்டு, குழாயடிக்குப் போனேன்.

கட்டிங் மாஸ்டரின் கையைப் பற்றி யோசிக்காமல் விட்டது என் நேரம். அந்தக் கம்பெனியில் துணியை அடுக்கு அடுக்காக மேசையில் விரித்ததும், அச்சை வைத்து வெட்டுவதற்கு முன்னால் ஓரமெல்லாம் சீவி அடுக்கை நேராக்கிவிடுவார்கள். மடிப்பு இருக்கிற பக்கம்தான் முதல் சீவல். மடிப்பு என்றால் அவர்களுக்கு வெட்ட வேண்டிய இடம். நான் குடத்தோடு திரும்பி வந்தபோது, கட்டு செங்கல் மாதிரி நாலு பக்கமும் நேராக உட்கார்ந்திருந்தது. இவர் முகத்தில் பல நாளைக்குப் பிறகு ஒரு திருப்தி.

"பாரு புள்ள, நூல் புடிச்சாப்பல இருக்குது" என்றார்.

மேலே இருந்த அட்டையை எடுத்தேன். பானையும் சூரியனும் மட்டும் கையோடு வந்தன. பின்பாதி கட்டிலேயே தங்கிவிட்டது. அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததும். மடிப்பு முழுக்கக் கீழே குப்பையாக, வெள்ளைப் புழுக்கள் போலச் சுருண்டு கிடந்தது.

நான் கத்தின கத்தலில் பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்து அழுதது. "ஓரம்னா ஓரம்தானுங்களே? மடிப்ப எதுக்குங்க வெட்டுனீங்க?" அவர் கையில் இருந்த கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மௌனம் எனக்கு இன்னும் வெறி ஏற்றியது. "இப்படித்தானுங்க அன்னைக்கும் மணையில வாய மூடீட்டு உக்கோந்திருந்தீங்க. உங்க அக்கா போனது போனதுதான்!" என்றேன். கல்யாணத்தைப்பற்றி அவரிடம் நான் அப்படிப் பேசினது அதுவே முதல் தடவை.  அவர் குனிந்து கீழே கிடந்த சீவல்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

மறுநாள் துண்டுகளையெல்லாம் துணிப்பையில் போட்டுக் கம்பெனிக்குக் கொண்டுபோனார். சாயங்காலம் திரும்பி வந்து பாயில் பரப்பினார். பனியன் கழுத்துக்கு வைக்கும் பட்டித் துணியை முதுகாக வைத்து, அட்டையின் இரண்டு பாதிகளையும் அதோடு சேர்த்துத் தைத்திருந்தார். முதலில் நெருக்கித் தைத்துப் பார்த்தாராம். ஊசி ஓட்டை வரிசையோடு அட்டை கிழிந்து வந்துவிட்டதாம். அதனால் தையலை நீளமாக்கி, ஒரு வரிக்குப் பதில் மூன்று வரி ஓட்டியிருந்தார். எனக்கு அது காயத்துக்குக் கட்டுப் போட்ட மாதிரி இருந்தது. ஆனால் அட்டை கதவு மாதிரி சத்தமில்லாமல் திறந்தது. லைன் வீட்டுப் பெண்களோ என் பூவை விட்டுவிட்டு அந்தப் பட்டியைத்தான் தடவித் தடவிப் பார்த்தார்கள். என்ன செய்வது, ரசனை அவ்வளவுதான்.

இருப்பதில் நல்லதாக ஒன்றை எடுத்து விலாசம் எழுதினேன். "உள்ள ரெண்டு வார்த்த எழுதுங்க" என்று பேனாவைக் கொடுத்தேன். வாங்கினார். மூடியைத் திறந்தார். வெகு நேரம் கழித்து மூடிக் கொடுத்துவிட்டார். தம்பி எழுதாத இடத்தில் என் பெயரில் எழுதினால் நங்கைக்குக் கோபம் கூடுமே தவிரக் குறையாது. உள்பக்கம் வெறுமையாகவே அட்டை சாமளாபுரத்துக்குப் போனது.

பொங்கல் வந்தது. பதில் வரவில்லை. மாட்டுப் பொங்கலும் போனது. தபால்காரர் தெருமுனையில் தலை காட்டும்போதெல்லாம் இவர் உள்ளே போய்விடுவார். எனக்கு அந்த முதுகைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நான் கத்தினதையெல்லாம் அவர் மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை.

அடுத்த நாள் பூப்பறிக்கிற நோன்பு. லைன் பெண்கள் எல்லோரும் ஆவாரம்பூப் பறிக்கக் கிளம்பி வாசலில் நின்றோம். தெருமுனையிலிருந்து நங்கை வேகமாக வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் குழந்தை. இன்னொரு கையில், விசிறி மாதிரி, என் வாழ்த்து.

"வாங்க நங்கை" என்றேன். 

"அவன் எங்க?" என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்குள் போனார். இவர் ஸ்டவ்வுக்குத் திரி மாற்றிக்கொண்டிருந்தவர், மண்ணெண்ணெய்க் கையோடு எழுந்து நின்றார்.

"ஏன்டா, இத்தன வருசங்கழிச்சு அனுப்பற, உள்ள ஒரு எழுத்து எழுத உனக்குக் கை வரலியா?"

இவர் தரையைப் பார்த்தார். அவ்வளவுதான், இன்றைக்கும் மண் பிள்ளையார்தான் என்று நினைத்தேன். அப்போதுதான் அவர் பேசினார்.

"அன்னைக்கு, அக்கா வர்ற வரைக்கும் பொறுங்கன்னு நான் சொல்லியிருக்கோணுங்க அக்கா. சொல்லாம உட்டுட்டேன்."

நங்கை அப்படியே டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். குழந்தை பயந்துபோய் என் சேலையைப் பிடித்துக்கொண்டது. நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். எங்கள் கல்யாணத்தன்று குடிக்காத தண்ணீர். ஒரே மூச்சில் குடித்தார்.

பிறகு அட்டையை மடியில் விரித்து வைத்து அந்தப் பட்டியைத் தடவினார். "உன்ற பொண்டாட்டி செஞ்சு அனுப்புனதுன்னு கடாசத்தான் போனேன். அப்பறந்தான் இந்தத் தையலப் பாத்தேன். சின்னதுல என்ற பாவாடை கிழிஞ்சா நீதான்டா தெச்சுக் குடுப்ப. ஒரு வரி போதும்டான்னா கேக்க மாட்ட, மூணு வரி போடுவ." என் பூ, என் பீர்க்கங்காய்ச் சூரியன், என் நுரை எதுவும் அவர் கண்ணில் படவே இல்லை. இவருடைய தப்பை மறைத்த ஒட்டு மட்டும் தெரிந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பொறாமையும் வந்தது. அந்தப் பொறாமை எனக்குப் பிடித்தும் இருந்தது.

ஆனால் யார் மடி என்பதை இன்னும் ஒருவரும் எடுக்கவில்லை. இவர் கேட்கமாட்டார். எனக்குப் பொறுமை கிடையாது.

"காதுகுத்துக்கு ஒண்ணுவிட்ட தம்பிக்குச் சொல்லியாச்சுங்களா நங்கை?" என்றேன்.

நங்கை முகத்தைத் துடைத்துக்கொண்டு தம்பியைப் பார்த்தார்.

"எந்தத் தம்பிக்கு? மடிக்கு எவங்கிட்டயும் நான் சொல்லல. உன்ற காதுல உழோணும்னுதான் வண்டிக்காரங்கிட்டச் சொல்லி உட்டேன், காய்காரிகிட்டச் சொல்லி உட்டேன், உன்ற கம்பெனிக்கு வர்ற புள்ளகிட்டயும் சொல்லி உட்டேன். கேட்டதும் நீ ஓடி வந்து என்ற வாசல்ல நின்னு சண்ட போடுவேன்னு நெனச்சேன்டா. தெனமும் பஸ் வர்ற நேரத்துக்கு வெளிய வந்து நின்னேன்."