சுவரில் மூக்கையா படம்

முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கபடிச் சங்கத்தின் புதுக் கட்டடத்தில், பேர் வாங்கிய பழைய ஆட்டக்காரர்களின் படங்களைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். அவர்களில் உயிரோடு இருப்பது மூக்கையா ஒருவர்தான். பகலெல்லாம் மிளகாய்க்குக் களை வெட்டிவிட்டு, சாயங்காலம் எதிரணியைக் கதிகலங்க வைத்த மனிதர், 2006 திறப்பு விழாவில் வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தார். சங்கச் செயலாளர் பால்சாமி ஒவ்வொரு படமாக மாலை போட்டுக்கொண்டே வந்தான்.

"உசிரோட இருக்கிறவுக படத்துக்கு மாலை விழுந்தா ஆகாது. போட விட்டுறாதீக," என்று மனைவி முருகேஸ்வரி காலையிலேயே அழுதிருந்தாள். நடுச்சபையில் எழுந்து தடுத்தால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று அவருக்குத் தயக்கம். பக்கத்துப் படத்துக்கும் மாலை ஏறிவிட்டது. முருகேஸ்வரி அவர் கையைக் கிள்ளினாள்.

மூக்கையா மூச்சைப் பிடித்துக்கொண்டு பாய்ந்தார். படத்துக்கும் மாலைக்கும் நடுவில் தலையை நீட்டினார்.

"ஏலே பால்சாமி, ஆளு இங்கன நிக்கேன்ல! எனக்கே போடு."

மாலை கழுத்தில் விழுந்தது. கூட்டம் கைதட்டியது. அப்பாடா என்று திரும்பியவர் கண்ணில் படத்தின் கீழிருந்த எழுத்து பட்டது. 'தோற்றம்' என்பதற்கு எதிரே வருடம் போட்டிருந்தது. 'மறைவு' என்பதற்கு எதிரே இடம் விட்டிருந்தது.

"இது என்னலே?"

"எல்லாருக்கும் ஒரே மாதிரி அடிச்சாச்சுண்ணே," என்றான் பால்சாமி. "அத பெறகு எழுதிக்கிருவோம்."