பல் ஓட்டைக்குக் கித்தாப் பால்

அப்ப எனக்குப் பத்து வயசு. மலேசியாவில், செமோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயன் வீட்டில் இருந்தோம். லயத்துப் பிள்ளைகள் இனிப்பு டின்பால் போட்ட தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அப்படியே படுப்போம். காலையில் பல்பொடி. அதுவும் முன்பல்லுக்கு மட்டும்.

பள்ளிக்கூடத்துக்குப் பல் பார்க்கும் நர்ஸ் மிஸ்ஸி வந்தார். என் கடைவாய்ப் பல்லில் ஓட்டை, அடைக்கணும், அப்பா கையெழுத்து வேணும் என்று ஒரு ஃபாரம் கொடுத்தார். ஊசி போடுவார்கள் என்று பயம். ஃபாரத்தைக் கால்வாயில் விட்டுவிட்டேன்.

சில மாதம் கழித்து வலி வந்தது. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, பால் மரம் வெட்டுகிறவர்; மரத்தைக் கீறி ரப்பர் பால் எடுக்கிற வேலை. எந்த ஓட்டைக்கும் அவரிடம் அந்தக் கித்தாப் பால்தான் மருந்து. வாளி, செருப்பு, சைக்கிள் டியூப், எல்லாம் அதில்தான் அடைப்பார்.

“சைக்கிளுக்கே நிக்கிது லா. உன் பல்லுக்கு நிக்காதா? வாயத் தெற புள்ள.”

பஞ்சால் ஈரத்தைத் துடைத்தார். மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் வடிந்த பாலை ஈர்க்குச்சியில் தொட்டுச் சொட்டுச் சொட்டாக விட்டார். ஊதிக் காய வைத்தார். காற்றுப் படாததால் வலி குறைந்த மாதிரி இருந்தது. எதிர்வீட்டு அக்காகூட வந்து தன் வாயைத் திறந்து காட்டிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் கன்னம் வீங்கிவிட்டது. காய்ச்சல் வேறு.

“பால்ல கோளாறு இல்ல மச்சான். பல்லுலதான் கோளாறு,” என்றார் மாமா.

 அப்பா வேலைக்குப் போகாமல் மோட்டார் சைக்கிளில் என்னை ஈப்போவுக்குக் கொண்டுபோனார்.

பல் டாக்டர் ஒரு சீனப் பெண். கொக்கியால் அந்த அடைப்பை எடுத்து விளக்கில் பிடித்துப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் யாரும் பல் பார்க்கவில்லையா என்று டாக்டர் மலாயில் கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தே வைத்திருந்தேன். பதில் சொல்லாமல் தப்பினேன்.

பிடுங்க வேண்டியதுதான் என்றார் டாக்டர்.

“தம்பால் போலே கா, டொக்டர்?” அடைக்க முடியாதா என்று அப்பா கேட்டார். ஒரு தரம் இல்லை, மூன்று தரம்.

எனக்குக் கோபம் வந்தது. வலி எனக்கு. இவர் ஏன் பேரம் பேசுகிறார்?

“புடுங்கச் சொல்லுப்பா!”

நான் உதைக்காமல் இருக்க அப்பா என் காலைப் பிடித்துக்கொண்டார். பிடுங்கினார்கள்.

மரத்துப்போன வாயோடு நான் துள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். அப்பா கடையில் நிறுத்தி ஆளுக்கொரு பிரஷ் வாங்கினார். வண்டியில் ஏற்றும்போது என் கன்னத்தை இரண்டு தரம் தொட்டுப் பார்த்தார். ஒரு பல்லுக்கு இவ்வளவு துக்கமா என்று நினைத்தேன். முன்பல் விழுந்து முளைத்ததே, இதுவும் முளைக்காதா?

தினமும் மற்ற பல்லையெல்லாம் தேய்த்துவிட்டு அந்தக் குழியை நாக்கால் தடவிப் பார்ப்பேன். அடுத்த தீபாவளி வரைக்கும் பார்த்தேன்.