ரெண்டேகால் மணி நேர மாமன்

என் புருஷன் கியாலாவுக்குக் கைப்பேசிதான் வேதம். மகள் மகியேசேவுக்குக் கல்யாணத் தேதி குறித்த அன்று அதைத் தடவிப் பார்த்துவிட்டு என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"உங்கண்ணன் இருக்கிற லுபும்பாஷி எங்க, நம்ம கின்ஷாசா எங்கன்னு பயந்தியே. ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் சொச்சம். ப்ளேன்ல ரெண்டேகால் மணி நேரம். அவங்க ஊர்க் கடிகாரம் நம்மளவிட ஒரு மணி நேரம் முந்தி வேற. உங்கண்ணன் காலைல ஏறினா மத்தியானச் சடங்குக்குக் குளிச்சிட்டே வரலாம்."

"மூணு நாள் முன்னாடியே வரச் சொல்லுங்க. ப்ளேனை நம்பி யாராவது அதே நாள்ல சடங்கு வைப்பாங்களா?"

"மூணு நாள் யாரு ஆக்கிப் போடறது? ஆட்டுக்கறி தவிர வேறெதையும் தொடமாட்டாரே அந்த மகராசன்!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் கொங்கோ சனத்தில் அப்பன் வெறும் அப்பன்தான். பெண்ணைக் கொடுப்பது தாய்மாமன். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவரும் பனங்கள்ளைக் கையில் வாங்கி, "குடிக்கவா?" என்று அவன் கேட்க வேண்டும். பெண் "குடிங்க" என்றால்தான் கல்யாணம்.

என் அண்ணன் லுயேயே லுபும்பாஷியில் லாரிகளுக்கு வெல்டிங் அடிக்கிறவன். பேசினால் சண்டை, பேசாவிட்டால் அதைவிடப் பெரிய சண்டை. ஆனால் மகியேசே பிறந்தபோது, ப்ளேனுக்கு வக்கில்லாமல், ரயிலிலும் ஆற்றுப் படகிலுமாக ஒரு மாதம் அலைந்து வந்து பெயர் வைத்தவன். வந்ததும் பேசிய முதல் வார்த்தையே ஏச்சுதான்: "குழந்தைக்கு ஏண்டி இவ்வளவு மெல்லிசுத் துணி?"

சடங்கு நாள் மத்தியானம். மாப்பிள்ளை வீட்டார் கள்ளுக்குடங்களோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அண்ணன் போன் பண்ணினான். அன்று காலைதான் ஏறியவனை நடுவழியில் ஏதோ ஒரு ஊரில் இறக்கிவிட்டு, பெட்ரோல் இல்லை, நாளைக்குப் பார்க்கலாம் என்றார்களாம். அங்கே யாரையோ சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டே என்னிடம் பேசினான்.

என் புருஷன் அசரவில்லை. என் ஒன்றுவிட்ட தம்பி மவுங்குவை மாமன் நாற்காலியில் உட்கார வைத்தார். ஓசிக் கள் என்றதும் அவனும் ஓடிவந்து உட்கார்ந்தான்.

"குடிக்கவா, பொண்ணு?" பெயர்கூடத் தெரியவில்லை அந்த மூதேவிக்கு.

மகியேசே வாய் திறக்கவில்லை. மறுபடி கேட்டான். மூன்றாம் முறையும் பதில் இல்லை. மாப்பிள்ளையின் பெரியம்மா எழுந்துவிட்டாள்.

"பொண்ணுக்கு இஷ்டமில்லன்னா சொல்லிடுங்க. குடத்தைத் தூக்கிட்டுப் போறோம்."

அப்போதுதான் மகள் பேசினாள்.

"இஷ்டம் இருக்கு, பெரியம்மா. எனக்குப் பேர் வைக்க ஒரு மாசம் அலைஞ்சு வந்தவரு எங்க மாமா. அவருக்காக நான் ஒரு ராத்திரி காத்திருக்கக் கூடாதா?"

அந்த அம்மாள் முறைத்தாள். "அதுவரைக்கும் எங்களுக்குச் சோறு யாரு போடுவா?"

"இதோ, இவரு போடுவாரு" என்று என் புருஷனைக் காட்டினேன். ஒருத்தனுக்கு மூன்று நாள் சோறு போடக் கணக்குப் பார்த்த மனுஷன், அத்தனை பேருக்கும் ஆடு அடித்தார். நல்லா வேணும்!

மறுநாள் மத்தியானம் வாசல் தகரக் கதவை யாரோ உதைத்தார்கள்.

"மச்சான்! உங்க ரெண்டேகால் மணி நேரம் வந்து நிக்குது. கதவத் திறங்கய்யா!"

மகியேசே என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினாள். "குடிக்கவா?" என்று அவன் கேட்கவே இல்லை. கதவைத் திறக்கும்போதே அவள் கத்தினாள்: "குடிங்க மாமா, குடிங்க!"