பெரிய டயரும் மீட்டர் முள்ளும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். வளைகாப்பு முடிந்து மகளைப் பிரசவத்துக்காக நாமக்கல்லிலிருந்து எங்கள் காரில் கூட்டி வந்தோம். மேடு பள்ளத்தில் அவளுக்கு அலுங்கக்கூடாது என்று என் வீட்டுக்காரர் முந்தின வாரம்தான் பெரிய டயராக மாற்றியிருந்தார்.

பின்சீட்டில் என்னோடு இருந்த மகள், "அப்பா, மெதுவாப் போங்க. போன் மேப்புல அறுவத்தஞ்சு காட்டுது" என்றாள்.

"மீட்டர்ல அறுவதுதான் சாமி. ரோட்டுல ஓடறது காரா, உம்பட போனா?" என்று சிரித்தார்.

அதற்குள் வெள்ளைக்கோடு இல்லாத ஒரு வேகத்தடை. பிரேக் போட்டும் கார் தூக்கிப் போட்டது. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். அவர் ஓரமாக நிறுத்தி, இறங்கி வந்து கதவைத் திறந்து, "சாமி, ஏதாச்சும் பேசு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவள், "உதைக்குதுங்கப்பா" என்றாள். அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

சாதாரணமாக மீட்டர் போனைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் காட்டுமாம். டயர் பெரிதானதால் ஒவ்வொரு சுற்றுக்கும் கார் கூடுதல் தூரம் போக, மீட்டர் வேகத்தைக் குறைத்துக் காட்டியிருக்கிறது என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னார்கள். பழைய அளவு டயரையே போட்டுவிட்டோம். அப்படியும் மனசு கேட்காமல் இப்போது நான் முன்சீட்டில் போனைப் பிடித்துக்கொண்டு வேகத்தைச் சொல்லி வருகிறேன். "சரிங்க டீச்சர்" என்று கேலி செய்தாலும் குறைத்துவிடுகிறார்.

எனக்குப் புரிந்ததைத்தான் எழுதியிருக்கிறேன். விவரம் தெரிந்த யாரிடமாவது கேட்டுச் சரிபார்த்துப் போடுங்கள்.