வெள்ளிக்கிழமை என்றொரு செவ்வரத்தை

நேற்று மகளுடன் செடிகள் விற்கும் பெரிய கடை ஒன்றுக்குப் போயிருந்தேன். அவளுக்குத் தக்காளிக் கன்று வேண்டும். எனக்கு அங்கே உள்ள தேநீர்க்கடையில் கொஞ்சநேரம் குந்தியிருந்தால் போதும். ஆனால் வாசலுக்குப் பக்கத்தில் கண்ணாடித்தாள் சுற்றி வரிசையாகச் செவ்வரத்தைகள் நின்றன, சிலர் செம்பருத்தி என்பார்களே, அதுதான். சிவப்பு, மஞ்சள், றோஸ். அவ்வளவுதான், தேநீரை மறந்துவிட்டேன். ஒவ்வொரு சாடியாகத் தூக்கி, பூவுக்குள் மூக்கை விடாத குறையாகப் பார்த்தேன்.

"அம்மா, செவ்வரத்தைக்கு வாசமே இல்லை, என்னத்தை மணக்கிறீங்கள்?" என்றாள் மகள்.

நான் தேடியது ஒரு நிறம். பழுத்த பப்பாப்பழத்தின் உட்சதை நிறம், நடுவில் கருஞ்சிவப்பு, விளிம்பில் நூல் போல ஒரு வெள்ளைக் கோடு. அது கடையில் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். உலகத்திலேயே ஒரேயொரு செடிதான் அப்படிப் பூத்தது. அதை உண்டாக்கியவர் யோகக்கா. தெரிந்துகொண்டும் தேடினேன் பாருங்கள், என் புத்தி அப்படி.

யோகக்காவும் நானும் லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்தோம். வயதில் அவர் எனக்கு மூத்தவர், வேலையில் நான் அவருக்கு இரண்டு மாதம் மூத்தவள். அந்த இரண்டு மாதத்தை வைத்துக்கொண்டு நான் பண்ணிய அதிகாரத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஒருநாள், இறந்துபோன ஒரு மூதாட்டியின் அறையை ஒழித்துக்கொண்டிருந்தார்கள். குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு செவ்வரத்தைச் சாடி. நாலே நாலு இலை, அதுவும் மஞ்சள்.

"இது செத்துப்போச்சு அக்கா, விடுங்கோ," என்றேன்.

அவர் தண்டை நகத்தால் மெல்லச் சுரண்டினார். உள்ளே ஊசிமுனை அளவு பச்சை. "ஆர் சொன்னது?" என்று கேட்டுவிட்டு, சாடியைக் கைப்பைக்குள் இறக்கிக்கொண்டு போய்விட்டார்.

அது கோடையில் சிவப்பாகப் பூத்தது. பிறகு மனுசிக்குப் பிடித்த பைத்தியத்தை என்னவென்று சொல்ல! ஒன்று மூன்றானது, மூன்று பத்தானது. பார்க்கிங் என்ற ஊரில் ஒரு வீட்டு யன்னலில் மஞ்சள் செவ்வரத்தை நிற்கிறதென்று யாரோ சொல்ல, முன்பின் தெரியாத அந்த வீட்டுக் கதவைத் தட்டி, நடுவதற்குத் தடி வெட்டி வாங்கி வந்தார். குரோய்டனிலிருந்து ட்ராமில் வரும்போது ஒரு சாடியைச் சால்வையால் மூடி மடியில் வைத்திருந்தாராம். கைக்குழந்தை என்று நினைத்து ஒரு வெள்ளைக்காரி விலகி இடம் விட்டாளாம். "பிள்ளை என்ன வயசு எண்டு கேட்டவ. ரெண்டு வருசம் எண்டன். பொய்யில்லைத்தானே," என்று சொல்லிச் சிரிப்பார். அவர் வீட்டுக்குப் போனால் மாடிப்படியெல்லாம் சாடிதான். ஈரமண் வாசமும் கறி வாசமும் கலந்து ஒரு மணம் வரும். அவருடைய கணவர் என்னைக் கண்டால் முறைப்பாடு வைப்பார்: "தங்கச்சி, இது அதுகளின்ர வீடு. நான்தான் ஒரு மூலையிலை வாடகைக்கு இருக்கிறன்."

பிறகு சேர்ப்பது மட்டும் அவருக்குப் போதாமல் போய்விட்டது. காது துடைக்கும் பஞ்சுக்குச்சியால் மூதாட்டியின் சிவப்பிலிருந்து மகரந்தம் எடுத்துப் பார்க்கிங் மஞ்சளுக்கு வைத்தார். விதைகளை ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டார். முளைத்தவை ஆறு, பிழைத்தது ஒன்று. அந்த ஒன்றுக்காக மூன்று வருடம் காத்திருந்தார்.

"கடையிலை பூத்ததாவே வாங்கலாமே அக்கா?" என்று கேட்டேன்.

"கடையிலை இருக்கிறது ஆரோ பாத்த பூ. இது இன்னும் ஒருத்தரும் பாக்காத பூவடி."

காலை ஆறு மணிக்கு வேலைக்கு வந்து, நாள் முழுக்கச் சூப் கிண்டி, சட்டி கழுவிய பெண். அந்தக் கைகளால் இப்படியொன்று செய்ய எங்கிருந்து மனம் வந்தது? எனக்கு அவர்மேல் பொறாமை கலந்த பெரிய மரியாதை. அதை அவரிடம் சொன்னதில்லை.

அந்த மூன்றாவது வருடம் நல்ல பனி. சொல்லிவைத்தாற்போல, மொட்டு வைத்த வாரத்தில் அவர் வீட்டைச் சூடாக்கும் பொயிலர் பழுதானது. உதிரிப்பாகம் வர ஒரு கிழமையாகும் என்றார்கள். குளிரில் செவ்வரத்தை தாங்காது. யோகக்கா குழந்தை தள்ளுவண்டி ஒன்றை இரவல் வாங்கி, தமிழ் வீடுகளாகப் பார்த்துச் சாடிகளைக் கொண்டுபோய் விட்டார். மொட்டுச் செடி எனக்கு.

"உன்ர வீடுதான் சூடு. நீதான் ஹீற்றரை நிப்பாட்டாத ஆள்," என்றார். "தண்ணி அளவா விடு. விரிஞ்சால் உடனை எனக்குப் போனிலை கோல் எடு. ஒரு நாள்தான் நிக்கும், விளங்குதோ?"

"ஓம் அக்கா, நீங்கள் யோசிக்காதையுங்கோ."

வெயில் விழும் யன்னல் சாமியறையில்தான் இருந்தது. அங்கே வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை முழுகிவிட்டு, அரைத்தூக்கத்தோடு விளக்கேற்றப் போனேன். யன்னலில் செவ்வரத்தை விரிந்திருந்தது. ஊரில் விடிய எழுந்து பூப்பிடுங்கிய கை இது. லண்டனில் வருடக்கணக்காகச் சுப்பர்மார்க்கெட் பூவை வைத்தே பிள்ளையாரை ஏமாற்றி வந்த கை. என்னைக் கேட்காமலே போனது. பிடுங்கிப் படத்துக்கு வைத்து, மணி அடித்து, சூடம் காட்டி, கும்பிட்டுக் கண்ணைத் திறந்தபோதுதான் மொட்டையாய் நின்ற காம்பைக் கண்டேன்.

ஐயோ, நான் குழறிய குழறலில் என் மனுசன் ஓடி வந்தார். பார்த்தார். "சூப்பர் குளூவாலை ஒட்டேலாதோ?" என்றார். அந்த நேரத்திலும் அவருக்கு அடிக்கவேண்டும் போல இருந்தது.

மொட்டு உதிர்ந்துவிட்டது என்று சொல்லலாம். செவ்வரத்தை மொட்டு உதிர்க்கிற செடிதான், யோகக்கா நம்புவார். தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் சொல்லிப் பழகியும் பார்த்தேன். கடைசியில் வாயில் உண்மைதான் வந்தது. மறுமுனையில் "வாறன்" என்ற ஒரு சொல்.

பனியில் நடந்து வந்தார். சப்பாத்தைக் கழற்றினார், கோட்டைக் கழற்றவில்லை. படத்துக்கு முன்னால் போய் நின்றார். நான் அழத் தொடங்கினேன்.

"இப்ப என்னத்துக்கு அழுறாய்? பூ எங்கை போயிட்டுது? உதிலைதானே இருக்கு."

பிடுங்கினாலும் செவ்வரத்தை தண்ணீரில்லாமலே அன்றைய பொழுதுக்கு வாடாது. எனக்கு அது நினைவில் இல்லை, அவருக்கு இருந்தது. கதிரையை இழுத்துச் சாமிக்கு முன்னால் போட்டார். "சுகமில்லை எண்டு வேலைக்குச் சிக் அடிச்சிட்டன்," என்றார். பையிலிருந்து கொப்பியை எடுத்து இதழின் நீளம், அகலம், நிறம் எல்லாம் எழுதினார். பொழுது படும்வரை இருவரும் அங்கேயே இருந்து, நான் தேத்தண்ணி ஊற்ற ஊற்ற, அந்தப் பூவைப் பார்த்தோம். என் வாழ்நாளில் எந்தப் பூவையும் அப்படிப் பார்த்ததில்லை. இதழ் சுருளத் தொடங்கியதும் பிள்ளையாரிடம் கேட்டு எடுத்துக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டார்.

"முதல் பூ சாமிக்குப் போனது நல்லதுதான். அடுத்ததிலை கை வைச்சியோ, கையை முறிப்பன்!"

அந்தச் செடிக்கு 'வெள்ளிக்கிழமை' என்று பெயர் வைத்தார்.

எத்தனை தடி வெட்டி வைத்தும் அதில் ஒன்றுகூட வேர் விடவில்லை. பிள்ளைகள் ரொறன்ரோவுக்குக் கூப்பிட்டபோது, செடி கொண்டுபோக ஏலாதென்று எல்லாவற்றையும் அதே வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை எனக்குத்தான். "நீ பொய் சொல்லாத ஆள்," என்றார்.

இன்று அந்த முதியோர் இல்லம் இருந்த இடத்தில் அடுக்குமாடி. தள்ளுவண்டி போன வீடுகளில் பாதிப்பேர் இல்லை. கேட்டால், அந்தச் சாடிகள் என்ன ஆயின என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நான் மட்டும் என்ன திறம்? போன வருடம் தை மாதம் ஆறு கிழமை ஊருக்குப் போனோம். வாழ்க்கையில் முதல்தடவையாக ஹீற்றரை நிப்பாட்டிவிட்டுப் போனேன். செடியை யாரிடமாவது விட மறந்தேன். வந்து பார்த்தபோது இலை ஒன்றும் இல்லை. நகத்தால் சுரண்டினேன். மேலே, நடுவில், அடியில். எங்கும் பச்சை இல்லை. மூன்று மாதம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன்.

யோகக்கா வெள்ளிக்கிழமைதோறும் கோல் எடுப்பார். நேற்றும் எடுத்தார்.

"பூத்ததோ?"

"ஓம் அக்கா. காலமை ஒண்டு."

"நடு வெளிறிப் போச்சோ?"

"இல்லை அக்கா, அதே கருஞ்சிவப்பு. விளிம்பிலை வெள்ளைக் கோடும் இருக்கு."

அவர் கொப்பியைப் புரட்டி எழுதுவது கேட்டது.

"பிடுங்கிப் போட்டியோ?"

"இல்லை அக்கா, கையே வைக்கேல்லை," என்றேன். நான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.